ஓகே விழுங்கும் விடைகள்

ஆங்கிலச் சொற்களுள் தமிழர் நாவில் மிகுதியாகப் புழங்குவது எது என்று வினவினால், 'தாங்க்சு' என்பார் சிலர்; 'சாரி' என்பார் சிலர். எம் காதுக்கு எட்டிய அளவில், அவ்விரண்டையும் முந்தி நிற்பது 'ஓகே' என்பதே. எழுத்தறியாத மூதாட்டி அதனைச் சொல்கிறார். மழலை மாறாத குழந்தை அதனைச் சொல்கிறது. பேருந்து நடத்துநர், மருத்துவர், காய்கறி விற்பவர், கல்லூரிப் பேராசிரியர் எல்லாரும் சொல்கின்றனர். தூயதமிழ் பேசுவதென உறுதி பூண்ட அன்பர் சிலரும், தொலைப்பேசியை வைக்கும் நொடியில் தம்மையறியாமல் அதனைச் சொல்லிவிடுகின்றனர். மிதிவண்டி, தொடர்வண்டி, கணிப்பொறி, கைப்பேசி என்று பெரிய பெரிய பொருள்களுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் கண்டு நாட்டிவிட்டோம். ஈரெழுத்துச் சிறுசொல் ஒன்று நம் காவலுக்குத் தப்பி உள்ளே புகுந்து, நடுக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

ஒரு பொருள் புதிதாக வரும்போது அதன் பெயரும் உடன் வருவது இயல்பு. தொலைக்காட்சி வந்தது, அதன் ஆங்கிலப் பெயரும் வந்தது, நாம் மாற்றிக்கொண்டோம். 'ஓகே' என்பதோடு எந்தப் பொருளும் வரவில்லை. ஒன்றுக்கு இசைவதும், ஒன்றை ஏற்பதும், கேட்டதற்கு விடை சொல்வதும் தமிழன் அமெரிக்கனிடம் கற்றுக்கொண்ட பழக்கங்கள் அல்ல. அவற்றுக்கெல்லாம் சொற்கள் நம்மிடம் முன்னரே இருந்தன, இன்னும் இருக்கின்றன. வேண்டாத இடத்தில் வந்த சொல்லாதலின், அது இருந்த சொற்களைத் தின்றே வளர்கிறது.

இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாசுட்டன் நகரில் வெளிவந்த 'பாசுட்டன் மார்னிங் போசுட்டு' என்னும் செய்தித்தாளில் அது அச்சேறியது. அக்காலத்துச் செய்தித்தாள் எழுத்தாளரிடையே ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதுவது. பின்னர் அப்பிழைத் தொடரின் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துச் சுருக்கக் குறியாக வழங்குவது. 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்னும் தொடரை 'ஓல் கொரெக்ட்' என்று திரித்து, அதனின்று 'ஓ', 'கே' இரண்டையும் பிரித்தெடுத்தனர். 'ஆல் ரைட்' என்பதைத் திரித்து 'ஓ டபிள்யூ' என்றும் ஒன்று செய்தனர். அது அன்றே மாண்டுபோயிற்று. 'ஓகே'யும் அவ்வாறே மாண்டிருக்கும். ஒரு தேர்தல் அதனைக் காப்பாற்றிவிட்டது.

மறு ஆண்டு, 1840இல், குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். நியூயார்க்கு மாநிலத்துக் கிண்டர்ஊக்கு என்பது அவர் ஊர். 'ஓல்டு கிண்டர்ஊக்கு' என்று ஊர்ப்பெயராலேயே அவருக்கு ஓர் அடைபெயர் வழங்கியது. முதலெழுத்துகள் ஒத்துவந்தமையால், அவர் சார்பினர் 'ஓகே கழகம்' என்றே ஒரு மன்றம் கண்டனர். எதிரணியினர் வாளாவிருப்பரா? முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ சாக்சனுக்கு எழுத்துக்கூட்டவே வராது, சரியான தாள்களின்மேல் 'ஆல் கரெக்ட்' என்று எழுதத் தெரியாமல் அவர் கிறுக்கிவைத்ததே இந்த 'ஓகே' என்று கதை கட்டினர். வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது. பின்னர்த் தொலைவரி என்னும் தந்தி பரவியபோது, 'செய்தி கிடைத்தது' என்பதற்கு இந்த ஈரெழுத்தே தட்டுவதற்கு எளிதாயிருந்தது. இருப்புப்பாதை ஓடிய ஊரெல்லாம் தொலைவரியும் ஓடியது. தொலைவரி ஓடிய ஊரெல்லாம் 'ஓகே'யும் ஓடியது.

பழந்தாள்களைத் துருவி இவ்வரலாற்றை 1963, 1964ஆம் ஆண்டுகளில் நிறுவியவர், கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீடு. அதற்குமுன் அதனைக் கிரேக்கத் தொடர் என்றார் ஒருவர். மேலை ஆப்பிரிக்க மொழிச்சொல் என்றார் மற்றொருவர். சோக்டா என்னும் அமெரிக்கப் பழங்குடி மொழிச்சொல் என்று நம்பிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், அதற்கேற்ப எழுத்தையே மாற்றி எழுதிவந்தார்.

ஈண்டு நம் அன்பர்க்கு ஒன்று சொல்லவேண்டும். உவகை என்பது ஓகை என மருவி நம் மொழியில் வழங்கியதுண்டு. அதைக் கண்ட ஒருவர், 'ஓகை என்னும் தமிழே ஓகே ஆயிற்று. ஆகவே ஓகே தமிழ்ச்சொல்லே' என்று மார்தட்டக்கூடும். வேண்டா! பிறந்த நாளும் பிறந்த தாளும் கைக்குக் கிடைத்த சொல்லுக்கு நாம் பெற்றோர் தேடுவது தமிழ்ப்பற்று ஆகாது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண்பது, வேர்ச்சொல்லாய்வை நகைப்புக்கு இடமாக்கும்.

அமெரிக்கர் தம் எழுத்துப்பிழையைத் தாமே கொஞ்சி மகிழ்ந்தால், அது அவர் உரிமை. வல்லின ஒற்று மிகாத இடத்தில் மிகுத்து எழுதினான் என்பதற்காக ஒரு சிறுவனின் மதிப்பெண்ணைக் குறைக்கும் நாம், வேற்றுநாட்டார் வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழை ஒன்றை நம் வீட்டில் நாளுக்கு நூறுமுறை முழங்குகின்றோம் என்பதை மட்டும் குறித்து, மேலே செல்வோம். ஏனெனில், பிறப்பைக் காட்டிலும் அதன் வேலையே நமக்குக் கவலை தருவது.

அது செய்யும் வேலைகளைப் பாருங்கள். 'நாளை வருகிறாயா?' 'ஓகே.' இங்கே அது இசைவு. 'படம் எப்படி?' 'ஓகே.' இங்கே அது நடுத்தரம். 'காய்ச்சல் விட்டதா?' 'இப்பொழுது ஓகே.' இங்கே அது நலம். 'மேலாளர் ஓகே பண்ணிவிட்டார்' என்றால் ஒப்பளிப்பு. 'ஓகே, அப்புறம்?' என்றால் கேட்கிறேன் என்னும் குறிப்பு. 'ஓகே, ஓகே' என்று இருமுறை விரைந்து சொன்னால், 'போதும், நிறுத்து' என்று பொருள். 'ஓகே, வைக்கிறேன்' என்றால் பேச்சு முடிந்தது. இத்துணைப் பொருளும் ஒரே சொல்லில் அடங்குவதால் அது வளமான சொல் என்று எண்ணுவார் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஏழு அறைக்கும் ஒரே திறவுகோல் பொருந்துகிறதென்றால், திறவுகோலின் சிறப்பன்று அது. பூட்டுகள் கெட்டுவிட்டன என்பதே பொருள்.

தமிழில் விடை சொல்லும் முறையே வேறு. ஆங்கிலத்தில் எவ்வகை வினாவுக்கும் பெரும்பாலும் ஒரே உடன்பாட்டுச் சொல்லைத் தலையில் வைத்து விடை தொடங்கலாம். தமிழில் வினா எந்தச் சொல்லில் நின்றதோ, விடையும் அச்சொல்லிலேயே எழும். 'உண்டா?' என்றால் 'உண்டு', 'வேண்டுமா?' என்றால் 'வேண்டும்', 'போதுமா?' என்றால் 'போதும்', 'தெரியுமா?' என்றால் 'தெரியும்'. 'இது பள்ளியா?' என்றால் 'ஆம்' என்போம். 'இங்கே பள்ளி உண்டா?' என்ற வினாவுக்கோ 'உண்டு' என்பதே பொருந்தும் விடை. மறுப்பிலும் அவ்வாறே, 'அன்று' வேறு, 'இல்லை' வேறு, 'வேண்டா' வேறு, 'மாட்டேன்' வேறு. வினவியவன் சொல்லை வாங்கி, அதனைத் தன் சொல்லாக்கித் திருப்பித் தரும் முறை இது. விடை சொல்பவன் வினாவைக் கேட்டான் என்பதற்கு அவன் விடையே சான்று.

இதனை நம் இலக்கணிகள் எத்துணை நுட்பமாக நோக்கினர்! தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே, செப்பும் வினாவும் வழுவாமற் காக்கவேண்டும் என்று விதித்தார். நன்னூலார் பவணந்தி விடையை எட்டாகப் பகுத்தார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. 'கடைக்குப் போவாயா?' என்று தாய் கேட்கிறாள். 'போவேன்' என்பது நேர். 'போகமாட்டேன்' என்பது மறை. 'நீங்களே போங்கள்' என்பது ஏவல். 'போகாமல் இருப்பேனா?' என்பது வினாவுக்கு வினாவே விடையாதல். 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல். 'தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகிறேன்' என்பது இனமொழி. அதைச் செய்யேன், இதைச் செய்வேன் என்பது அதன் குறிப்பு. எட்டும் இன்றும் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குவன. இலக்கணம் படியாத தாய்மாரும் பிள்ளைகளும் இவற்றைப் பிழையின்றிக் கையாள்கின்றனர். இவற்றுள் நேர்விடையின் இருக்கையைத்தான் 'ஓகே' பறித்துக்கொண்டது. அதிலும் ஒரு சூழ்ச்சியோடு.

'போவேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். போ என்னும் பகுதி செயலைச் சொல்கிறது. வகர இடைநிலை எதிர்காலத்தைச் சொல்கிறது. ஏன் என்னும் ஈறு, செய்பவன் நான் ஒருவனே என்கிறது. செயலும் காலமும் ஆளும் ஒரே சொல்லில் கட்டுண்டு நிற்கின்றன. அச்சொல்லைச் சொன்னவன் பிறகு தப்ப இயலாது. 'ஓகே' என்பதில் செயலில்லை, காலமில்லை, ஆளுமில்லை. 'வருகிறேன்', 'வந்துவிடுகிறேன்', 'வரப் பார்க்கிறேன்', 'முடிந்தால் வருவேன்' என்னும் நான்கும் நான்கு அளவு உறுதிகள். கேட்பவர் அவ்வளவுக்கேற்பச் சோறு வடிப்பார். நான்கும் 'ஓகே' ஆகிவிட்டால், வராதவன் மறுநாள், 'ஓகே என்றுதானே சொன்னேன். வருகிறேன் என்றா சொன்னேன்?' என்கிறான்.

பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், குறை சொல்லி வந்தவர்க்கெல்லாம் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்று விடை தந்தது நாடறிந்த செய்தி. அவ்விரு சொற்களில், கேட்டேன், மறுக்கவில்லை, ஆராய்ந்து செய்வேன், இப்போதே வாக்களிக்கவில்லை என்னும் நான்கும் அடங்கியிருந்தன. வந்தவர் அதன் எடையை அறிந்தே வீடு திரும்பினர். அவர் 'ஓகே' என்று சொல்லியனுப்பியிருந்தால், வந்தவர் என்ன எண்ணிக்கொண்டு பேருந்து ஏறியிருப்பார்?

வகுப்பறையில் இதன் கேட்டை நாள்தோறும் காண்கின்றோம். வேற்றுமை கற்பித்து முடித்து, 'புரிந்ததா?' என்று கேட்டால், 'ஓகே சார்' என்று ஒரே குரலில் முழங்குகின்றனர். அம்முழக்கத்தில் புரிந்தவன் குரலும் இருக்கிறது. புரியாதவன் குரலும் இருக்கிறது. மணி அடிக்காதா என்று ஏங்குபவன் குரலும் இருக்கிறது. ஆசிரியனுக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. 'புரிந்தது' அல்லது 'புரியவில்லை' என்று வினைமுற்றால்தான் விடை வரவேண்டும் என்று சொல்லிவைத்தால், நிலை மாறுகிறது. புரியாதவனுக்குப் 'புரிந்தது' என்று சொல்ல நா எழுவதில்லை. கடைசி வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி மேலெழும்: 'ஐயா, ஐந்தாம் வேற்றுமைக்கும் இல் உருபு, ஏழாம் வேற்றுமைக்கும் இல் உருபு என்கிறீர்களே, எப்படிப் பிரிப்பது?' என்று. அந்த ஒரு கேள்விக்காகவே பாடம் நடத்துகின்றோம். ஆசிரிய அன்பர்கள் இதனை ஒரு திங்கள் செய்து பார்க்கலாம்.

இதனினும் பெரிய இடங்கள் உண்டு. மருத்துவமனையில், 'வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டியிருக்கும், ஓகேவா?' என்று கேட்கின்றனர். உழவர் ஒருவர் அஞ்சியவாறே 'ஓகே ஐயா' என்கிறார். எதற்கு இசைந்தார் அவர்? திறந்து பார்ப்பதற்கா? பார்த்தபின் வெட்டியெடுப்பதற்குமா? நோயாளிக்கு மருத்துவத்தின் தன்மை, நோக்கம், இடர், மாற்றுவழி ஆகியவற்றை எடுத்துரைத்த பின் அவர் தரும் இசைவே இசைவு என்றும், ஆய்ந்து பார்ப்பதற்குத் தந்த இசைவு அறுவைக்கு இசைவாகாது என்றும் இந்திய உச்சநீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. அவ்வாறாயின் 'திறந்து பாருங்கள். எதையும் எடுப்பதாயின் என் மகனிடம் கேளுங்கள்' என்று அவர் தம் சொல்லில் சொல்லும்படி வினவுவதன்றோ முறை? தம் தாய்மொழியில் முழுவிடை சொல்லத் தெரிந்த ஒருவரை ஈரெழுத்தில் அடைப்பது, அவர் வாயைப் பொத்துவதே.

பெண் பார்க்கும் வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. 'பையன் ஓகேவா?' என்று அடுக்களையில் வைத்து மகளைக் கேட்கின்றனர். தலைகுனிந்தபடி அவள் 'ஓகே' என்றால், கூடத்தில் உடனே தட்டு மாற்றுகின்றனர். 'எனக்கு விருப்பம்' என்பதும் அச்சொல்தான்; 'உங்கள் விருப்பம்' என்பதும் அச்சொல்தான்; 'மறுத்தால் விடவா போகிறீர்கள்?' என்பதும் அச்சொல்தான். தாள்களையும் கணக்குகளையும் பார்த்து, பிழையில்லை என்று மேலே இடும் குறியாக வழங்கிய சொல், ஒரு பெண்ணின் வாழ்நாள் முடிவுக்குப் போதுமா? 'இவரை மணக்க உனக்கு விருப்பமா?' என்று கேட்டு, 'விருப்பம்' அல்லது 'விருப்பமில்லை' என்று அவள் வாயால் கேட்கும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். அத்துணிவு இல்லாத இடத்தில்தான் 'ஓகே' இனிக்கிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இச்சொல்லுக்குப் பணிவும் தெரியாது, உரிமையும் தெரியாது. ஆகவே நம் மக்கள் அதற்குத் தாமே வாலும் தலையும் ஒட்டிக்கொள்கின்றனர். பெரியவரிடம் 'ஓகேங்க', தோழனிடம் 'ஓகேடா', தோழியிடம் 'ஓகேடி', அதிகாரியிடம் 'ஓகே சார்'. வெறும் 'ஓகே' தமிழன் காதுக்கு மொட்டையாக ஒலிக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. கைப்பேசிச் செய்தியில் அம்மொட்டையும் தேய்ந்து 'கே' என ஒற்றை எழுத்தாகிவிட்டது. அதனைப் பெற்ற தந்தை, மகன் சினந்துகொண்டானோ என்று இரவெல்லாம் ஐயுறுகிறார்.

திரைத்துறை பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' என்று ஒரு படம் வந்தது. பெயரில் ஒரு வேற்றுச்சொல்லும் இல்லை. அதன் முதலெழுத்துகளைத் திரட்டி 'ஓகே ஓகே' ஆக்கினர். 2015இல் 'ஓ காதல் கண்மணி' வந்தது; அதுவும் 'ஓகே கண்மணி' ஆயிற்று. நல்ல தமிழ்ப்பெயரை வைத்துக்கொண்டும் அதனுள் ஆங்கிலத்தைத் தேடிக் கண்டுபிடித்து மகிழும் இனம் நம் இனம்.

இனி, மாற்றுச்சொல் யாது என்று கேட்பீர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நாம் தரப்போவதில்லை. ஒன்று பலவற்றைத் தின்றதே நோய், ஆதலின் பலவற்றையும் மீட்பதே மருந்து. பொதுவான இசைவுக்குச் 'சரி' இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிறுசிறு ஒலிவேறுபாட்டோடு வழங்கும் திரவிடப் பொதுச்சொல் அது. 'ஓகே'யின் பிறப்புப் பொருளே 'எல்லாம் சரி' என்பதாகலின், சொல்லுக்குச் சொல் நிறுத்தாலும் அது குறையாது. செயலுக்கு இசையும்போது 'செய்கிறேன்', 'வருகிறேன்' என்று வினைமுற்றே வருக. பெரியவர் பணித்தால் 'அப்படியே', 'ஆகட்டும்'; செய்தி கேட்டால் 'நல்லது', 'மகிழ்ச்சி'; அலுவலகத்தில் 'இசைவு', 'ஒப்புதல்'; நலம் வினவினால் 'நலமே', 'தேறிவிட்டேன்'. விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்பவருக்கு 'வாருங்கள்' என்பதே நம் மரபு. 'போ' என்னும் சொல்லையே வாயில் வாராமற் காத்த மரபு அது.

நடுத்தரத்தைக் குறிக்குமிடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். 'படம் ஓகே' என்பதை விடுத்துப் 'படம் பரவாயில்லை' என்று சொல்லித் தூயதமிழ் பேசிவிட்டதாக நினைப்பவர் பலர். 'பரவா' என்பது கவலை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஓநாயை விரட்ட நரியை அழைத்த கதை இது. 'தாழ்வில்லை', 'குறையில்லை', 'ஒருவாறு நன்று', 'ஒருமுறை பார்க்கலாம்' என்று சொல்ல எத்துணையோ வழி உண்டு.

கணிப்பொறித் திரையில் இச்சொல் அமர்ந்த கதையும் சுவையானது. ஆப்பிள் நிறுவனத்தார் 'இலிசா' என்னும் கணிப்பொறியை வடிவமைத்தபோது, அழுத்துமிடத்தில் முதலில் 'இதைச் செய்' எனப் பொருள்படும் 'டூ இட்' என்னும் ஆங்கிலத் தொடரையே எழுதினர். அதனைச் சேர்த்துப் படித்த ஒருவர், மடையன் எனப் பொருள்படும் 'டோல்ட்' என்று எண்ணி, கணிப்பொறி தம்மை வைகிறதே என்று சினந்தாராம். உடனே 'ஓகே' என்று மாற்றிவிட்டனர். இன்று கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் அவ்விடத்தில் 'சரி' என்றே காட்டுகிறது. நம் நாவில் இல்லாத தமிழ், கருவியில் இருக்கிறது! அதன் அருகிலேயே 'ரத்துசெய்' என்று அரபு வழி வந்த சொல்லொன்று அமர்ந்திருப்பதும் உண்மை. 'விடுக' என்றோ 'நீக்குக' என்றோ அது மாறவேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள இளைஞர்கள் கவனிப்பார்களாக. தம் கைப்பேசியை இன்னும் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கும் அன்பர்கள், இவ்விதழை மூடுமுன் அதனைத் தமிழுக்கு மாற்றிக்கொள்க.

ஈழத்தமிழர் இன்றும், நாம் 'ஆம்' என்னுமிடத்தில் 'ஓம்' என்கின்றனர். போருக்குத் தப்பி வேற்றுநாடுகளில் குடியேறியவர் வீடுகளிலும் அச்சொல் ஒலிப்பதைக் கேட்டிருக்கின்றோம். தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் இசைவுச் சொற்கள் வேறு வேறாக வழங்குகின்றன. அகரமுதலிகளில் ஏறாதவை அவற்றுள் பல இருத்தல் கூடும். வயல்வேலையில், நெசவில், மீன்பிடிப்பில், வண்டியோட்டத்தில் ஒருவர் கூவ மற்றவர் எதிர்கூவும் விடைச்சொற்கள் நமக்கு வேண்டும். முதியோர் சொல்லக் கேட்டவற்றைத் திரட்டி எழுதியனுப்புமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். இதழில் தொடர்ந்து வெளியிடுவோம். சொல்லை மட்டும் எழுதாமல், அது யார் யாரிடம் சொல்வது, எவ்வகை வினாவுக்கு விடையாய் வருவது என்பதையும் ஊர்ப்பெயரோடு குறித்தனுப்புக.